வருஷம் முழுக்கப் பயிற்சி, கடைசி வாரம் ஆள்மாற்றம்: சியர்லீடிங் குழந்தைகளுக்கு எது நியாயம்?

அமெரிக்காவில் ஒரு 12 வயதுச் சிறுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் சியர்லீடிங் ஜிம்மில் நடக்கும் தேர்வில் கலந்துகொண்டு ஒரு குழுவில் இடம் பிடிக்கிறாள். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பயிற்சி. ஜிம் கட்டணம், யூனிஃபார்ம், போட்டிக் கட்டணம், வெளியூர்ப் பயணம், ஹோட்டல் என்று பெற்றோருக்குச் சில ஆயிரம் டாலர் செலவு. அடுத்த ஏப்ரலில் சீசனின் பெரிய போட்டி. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது கோச் கூப்பிட்டுச் சொல்கிறார்: "இந்தத் தடவை உன் இடத்துல மேல் லெவல் டீம்ல இருந்து ஒரு அக்கா ஆடுவாங்க. நீ வெளியே இருந்து உற்சாகப்படுத்து."

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படி ஒன்று நடந்தால் அதில் எந்த விதி மீறப்பட்டது என்று தேடினால், பெரும்பாலும் எதுவும் மீறப்பட்டிருக்காது. பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

இது எந்த சியர்லீடிங்?

சியர்லீடிங் என்றதும் இங்கே பலருக்கும் ஐபிஎல் பவுண்டரி எல்லையில் ஆடுபவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நெட்ஃப்ளிக்ஸில் 2020-ல் வந்த 'சியர்' ஆவணத் தொடரைப் பார்த்தவர்களுக்கு வேறு படம் கிடைத்திருக்கும். டெக்சாஸின் நவாரோ கல்லூரிக் குழுவில் சுமார் 40 பேர் பயிற்சி செய்வார்கள். போட்டியில் இறங்குவது 20 பேர் மட்டும். அந்த இருபதில் ஒருவராக வருவதற்கான போராட்டம்தான் தொடரின் உயிர்.

சிறுவர் சிறுமியர் ஆடும் 'ஆல் ஸ்டார்' சியர்லீடிங் இதன் இன்னொரு கிளை. பள்ளிக்கோ கல்லூரிக்கோ சம்பந்தமில்லாத தனியார் ஜிம்கள் நடத்துவது. எந்த அணிக்காகவும் இவர்கள் கைதட்டுவதில்லை, இவர்களே போட்டியாளர்கள். இரண்டரை நிமிடத்துக்குள் தரையில் டம்ப்ளிங், ஒருவரை மூன்று நான்கு பேர் தூக்கி நிறுத்தும் ஸ்டண்ட், மனிதப் பிரமிடு, நடனம் எல்லாம் முடிய வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

இதற்கான விதிகளை வகுப்பது 2003-ல் தொடங்கப்பட்ட யு.எஸ். ஆல் ஸ்டார் ஃபெடரேஷன், சுருக்கமாக யுஎஸ்ஏஎஸ்எஃப். சர்வதேச அளவில் சியர்லீடிங் அமைப்புக்கு 2021-ல் ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. ஆக, 'இதெல்லாம் ஒரு விளையாட்டா?' என்று கேட்கிற கட்டம் தாண்டியாயிற்று. விளையாட்டு என்றால் அதற்குரிய நியாயமும் வேண்டும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

பெஞ்ச் இல்லாத ஆட்டம்

கிரிக்கெட்டில் 12-வது ஆள் தண்ணீர் கொண்டுவருவார், ஃபீல்டிங்குக்கும் இறங்குவார். கால்பந்தில் 70-வது நிமிடத்தில் ஒருவரை மாற்றலாம். சியர்லீடிங்கில் அந்த வசதி கிடையாது. இசை தொடங்கும்போது விரிப்பில் நிற்பவர்கள்தான் முடியும்வரை. மேலே நிற்பவர் ஃப்ளையர், கீழே தாங்குபவர்கள் பேஸ், பின்னாலிருந்து பிடிப்பவர் பேக் ஸ்பாட். இதில் ஒருவர் மாறினாலும் அந்த ஸ்டண்ட் முழுவதையும் புதிதாகப் பழக வேண்டும்.

மதிப்பெண்ணிலும் ஆள்கணக்கு உண்டு. ஒரு சாகசத்தைக் குழுவில் ஒருவர் மட்டும் செய்தால் போதாது. எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதும் பார்க்கப்படும். பேக் ஹேண்ட்ஸ்பிரிங் வராத நாலு பேரை எடுத்துவிட்டு, அதைத் தூக்கத்தில் கேட்டாலும் செய்கிற நாலு பேரை உள்ளே கொண்டுவந்தால் மதிப்பெண் ஏறும். கோச்சுக்கு வரும் சபலம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆக, குழுப் பட்டியலான 'ரோஸ்டர்' வெறும் அலுவலகக் காகிதம் அல்ல. யாருடைய ஒரு வருட உழைப்பு மேடைக்கு வரும், யாருடையது வராது என்பதைத் தீர்மானிக்கும் காகிதம் அது.

வயது, லெவல், கிராஸ்ஓவர்

தகுதி விதிகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது வயது. டைனி, மினி, யூத், ஜூனியர், சீனியர் என்று பிரிவுகள். பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கு. இந்தப் பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு 10 வயதுக் குழந்தை யூத், ஜூனியர் இரண்டுக்கும் தகுதி பெறலாம். திறமையான குழந்தைக்கு இது வாய்ப்பு. ஆனால், எந்தப் பிரிவில் போடுவது என்பதை ஜிம் முடிவு செய்கிறது. ஓபன் பிரிவுகளில் 18 வயதைத் தாண்டியவர்களும் மைனர்களும் ஒரே குழுவில் ஆடும் நிலையும் நெடுங்காலம் இருந்துவந்தது. அங்கே வயது விதி என்பது போட்டி நியாயம் மட்டுமல்ல, குழந்தைப் பாதுகாப்பும்கூட.

இரண்டாவது லெவல். 1 முதல் 7 வரை. லெவல் 1-ல் கார்ட்வீல், பேக் வாக்ஓவர் போன்றவை. லெவல் 2-ல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங். மேலே போகப் போக, காற்றில் சுழன்று இறங்கும் வித்தைகள். லெவல் 4-க்குத் தயாரான குழுவை லெவல் 3-ல் இறக்கினால் என்ன ஆகும்? பத்தாம் வகுப்பு மாணவர்களை எட்டாம் வகுப்புத் தேர்வு எழுத வைத்து 'நூற்றுக்கு நூறு' என்று போஸ்டர் அடித்த கதைதான். இதற்கு அங்கே 'சாண்ட்பேகிங்' என்று பெயரே இருக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: தயாராகாத குழந்தையை மேல் லெவலுக்கு இழுப்பது. தூக்கி எறிந்து பிடிக்கிற விளையாட்டில் அதன் விலை மதிப்பெண் அல்ல, கழுத்தும் முதுகெலும்பும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-லேயே சியர்லீடிங்கை முறையான விளையாட்டாக அங்கீகரித்து, மற்ற விளையாட்டுகளுக்கு உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தர வேண்டும் என்று சொன்னது காயங்களைப் பார்த்துத்தான்.

மூன்றாவது கிராஸ்ஓவர். ஒரே ஜிம்மில் ஒருவர் இரண்டு, மூன்று குழுக்களில் ஆடுவது. உலகப் போட்டி போன்ற பெரிய மேடைகளில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. வழக்கமான சீசன் போட்டிகளில் பெரும்பாலும் ஜிம்மின் விருப்பம்தான். முதல் பத்தியில் வந்த 'அக்கா' உள்ளே வருவது இந்த வாசல் வழியாகத்தான்.

நீதிமன்றம் பார்த்த ரோஸ்டர் தந்திரம்

பட்டியலை வளைப்பது குழந்தைகளின் ஜிம்களோடு நிற்கிற விஷயம் அல்ல. அமெரிக்காவில் அது நீதிமன்றம் வரை போன கதை ஒன்று உண்டு. சம்பந்தப்பட்டது கல்லூரி விளையாட்டு. ஆனால் அதிலுள்ள பாடம் இங்கேயும் பொருந்தும்.

கனெக்டிகட் மாநிலத்தின் குவினிபியாக் பல்கலைக்கழகம் 2009-ல் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, போட்டி சியர்லீடிங்கை அதிகாரபூர்வ அணியாக்க முடிவு செய்தது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் 'டைட்டில் 9' சட்டப்படி, விளையாட்டில் பெண்களுக்கு உரிய எண்ணிக்கையில் இடம் தர வேண்டும். வாலிபால் வீராங்கனைகளும் பயிற்சியாளரும் வழக்குப் போட்டார்கள்.

விசாரணையில் வெளிவந்தது சுவாரசியமான தகவல். அரசுக்குக் கணக்கு காட்டும் தேதிக்கு முன்னால் சில ஆண்கள் அணிகளிலிருந்து பெயர்கள் நீக்கப்பட்டன. தேதி முடிந்ததும் திரும்பச் சேர்க்கப்பட்டன. பெண்கள் அணியில் இதற்கு நேர்மாறு. காகிதத்தில் எல்லாம் சரி. மைதானத்தில்தான் இல்லை.

2010 தீர்ப்பில், அந்த 30 பேர் கொண்ட சியர்லீடிங் அணியை விளையாட்டு அணியாக எண்ண முடியாது என்று நீதிபதி சொன்னார். அவர் மாணவிகளின் திறமையைக் குறை சொல்லவில்லை. சீசன் முழுக்க ஒரே மாதிரி விதிகள் இல்லை, எதிர் அணிகளும் ஒரே தரப்பாக இல்லை. கல்லூரிக் குழுவோடு மோதியவற்றில் பள்ளிக் குழுக்களும் ஆல் ஸ்டார் குழுக்களும் இருந்தன என்பது அவர் சுட்டிக்காட்டிய காரணங்களில் முக்கியமானது. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

யார் யாரோடு மோதலாம், யார் எந்தக் குழுவில் ஆடலாம் என்பது தெளிவாக இல்லையென்றால், எவ்வளவு உயரம் தாவினாலும் சட்டத்தின் பார்வையில் அது விளையாட்டாக நிற்காது. அன்றைய தீர்ப்பு அந்த மாணவிகளுக்குக் கசப்பாக இருந்திருக்கும். ஆனால் சொன்ன விஷயம் சரிதான்.

விதி எழுதுபவர் யார்?

ஆல் ஸ்டார் உலகில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அதை எழுதுபவருக்கும் அதனால் சம்பாதிப்பவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது?

போட்டிகளை நடத்துவது, யூனிஃபார்ம் விற்பது, முகாம் நடத்துவது என இந்தத் துறையில் பெரும்பகுதி வார்சிட்டி என்ற ஒரே நிறுவனத்தின் கையில். யுஎஸ்ஏஎஸ்எஃப்பின் தொடக்கத்திலும் நிர்வாகத்திலும் வார்சிட்டிக்கு இருந்த செல்வாக்கு, பின்னாளில் ஏகபோக வழக்குகளில் முக்கிய வாதமானது. ஜிம்களும் பெற்றோர்களும் தொடுத்த அந்த வழக்குகளில் ஒன்று 2023-ல் 4.35 கோடி டாலருக்கும், இன்னொன்று 2024-ல் 8.25 கோடி டாலருக்கும் சமரசத்தில் முடிந்தன. சமரசம் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆனால், கேள்வி நியாயமானது என்பதை மறைக்கவும் முடியாது.

போட்டி நடத்துபவருக்கு வருமானம் குழுக்களின் எண்ணிக்கையிலும் ஆடுபவர்களின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஒரே குழந்தை மூன்று குழுவில் ஆடினால் மூன்று குழு கிடைக்கிறது. அப்படிப்பட்டவர் கிராஸ்ஓவருக்குக் கடுமையான எல்லை போடுவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான், இல்லையா?

'சின்ன ஜிம் என்ன செய்யும்?'

கிராஸ்ஓவரை ஒரேயடியாகத் தடை செய்தால் போதுமே என்று தோன்றலாம். போதாது. யுஎஸ்ஏஎஸ்எஃப் கணக்கில் 125 பேர் வரை உள்ள ஜிம்கள் சிறியவை; அவர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சின்ன ஊரில் 40 குழந்தைகளை வைத்துக்கொண்டு நடத்தும் ஜிம்மில் ஒரு குழுவுக்கு இரண்டு பேர் குறைந்தால், இன்னொரு குழுவிலிருந்து ஆள் வந்தால்தான் மீதிப் பேர் மேடை ஏற முடியும். அங்கே கிராஸ்ஓவர் ஒரு குழுவைக் காப்பாற்றுகிறது.

காயம் பட்ட குழந்தைக்கு மாற்று ஆள் வேண்டும் என்பதும் உண்மை. வலியோடு ஒரு குழந்தையை ஆட வைப்பதைவிட மாற்று ஆள் நூறு மடங்கு மேல்.

ஆகவே, வித்தியாசம் இதுதான்: காலியான இடத்தை நிரப்புவது வேறு, நிரம்பிய இடத்தைக் காலி செய்வது வேறு. விதி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இப்போது இரண்டுக்கும் ஒரே கதவு.

என்ன செய்யலாம்?

ஒன்று, சீசனின் முதல் தகுதிப் போட்டிக்கு முன்பே ரோஸ்டரைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு காயம், உடல்நலக் குறைவு, விலகல் ஆகிய காரணங்களுக்கு மட்டும் மாற்றம். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் பிரதி அந்தக் குழந்தையின் வீட்டுக்கும் போக வேண்டும்.

இரண்டு, கிராஸ்ஓவருக்கு விகித எல்லை. குழுவில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வெளிக் குழுவினர் கூடாது, அவர்களும் ஒரு லெவலுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்று வைக்கலாம். சிறிய ஜிம்களுக்குத் தளர்வு தரலாம்.

மூன்று, லெவல் முடிவை முழுக்க ஜிம்மிடம் விடக் கூடாது. தொடர்ந்து ஏறக்குறைய முழு மதிப்பெண் எடுத்து ஜெயிக்கும் குழு அடுத்த லெவலுக்குப் போயே ஆக வேண்டும். தயாராகாத குழந்தை மேலே போகாமல் தடுக்கவும் ஒரு குறைந்தபட்சத் தகுதிப் பட்டியல் வேண்டும்.

நான்கு, சரிபார்ப்பும் புகார் விசாரணையும் போட்டி நடத்தும் நிறுவனத்திடம் இருக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. புகாருக்குக் காலக்கெடுவோடு பதில் வர வேண்டும். பெரிய ஜிம், சின்ன ஜிம் எல்லோருக்கும் ஒரே பதில்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு அடிப்படை: எந்த விதியாக இருந்தாலும் மே மாதத் தேர்வுக்கு முன்பே பெற்றோர் கையில் இருக்க வேண்டும். பணம் கட்டி, பத்து மாதம் பயிற்சி முடித்த பிறகு தெரியவரும் விதியை யாரும் விதி என்று சொல்ல மாட்டார்கள்.

கோப்பை போனால் போகட்டும்

'ஜெயிக்கத்தானே போட்டி' என்பார்கள். ஜெயிக்கத்தான். ஆனால் 12 வயதில் ஒரு குழந்தை விளையாட்டில் கற்றுக்கொள்வது ஜெயிப்பது எப்படி என்பதை மட்டும் அல்ல. உழைத்தால் தன் இடம் தனக்கு இருக்கும் என்ற நம்பிக்கையையும்தான். கடைசி வார ஆள்மாற்றத்தில் ஜிம்முக்கு ஒரு கோப்பை கிடைக்கலாம். வெளியே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் பாடம் வேறு.

ஆட முடியாமல் போவதை அவள் தாங்கிக்கொள்வாள். காலில் அடிபட்டால், காய்ச்சல் வந்தால், தேர்விலேயே தேறாமல் போனால் ஏற்றுக்கொள்வாள். குழந்தைகள் தோல்வியை நன்றாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். 'ஏன் என்னை எடுத்தீங்க?' என்று அவள் கேட்கும்போது, கோச் விரலால் சுட்டிக்காட்ட ஒரு விதி இருக்க வேண்டும். இல்லையென்றால் அவளை எடுத்திருக்கக் கூடாது.