பெயரில் ஒரு சாய்கோடு இருந்தால் குற்றமா?

நம்மில் பலரின் அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன்னால் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று இருக்கும். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின் சுருக்கம் அது. சில இணையப் பாரங்களில் அந்தப் பெயரை அப்படியே தட்டினால், 'எழுத்துகள் மட்டுமே அனுமதி' என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கிறது. சாய்கோட்டை நீக்கினால் பாரம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போகாது. உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு இது சின்ன விஷயமா?

பாதுகாப்புக்காகத்தான் இந்தத் தடை என்பார்கள். கணினி அறிவியல் படிக்கும் எனக்கு அது சரியான காரணமாகப் படவில்லை. பிஎச்பியில் பாரம் எழுதும் சிலர், ஏ முதல் இசட் வரையும் இடைவெளியும் மட்டும் போதும் என்று ஒரே வரியில் விதி எழுதிவிடுகிறார்கள். டி'குரூஸ் என்ற பெயரும் அதில் தோற்கும். எல்லா மொழி எழுத்துகளும் வரலாம் என்று விதியைத் தளர்த்தினாலும் 'முருகன்' தேறமாட்டார். யூனிகோடில் நம் புள்ளியும் கொம்பும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. அந்த வகையையும் சேர்த்தால்தான் தமிழ்ப் பெயர் உள்ளே வரும்.

உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பயனர் தந்ததைத் தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்ப 'பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்ட்' உண்டு. அதைத் திரையில் காட்டும்போது, ஆபத்தான குறிகளை வெறும் எழுத்தாக்க 'எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' உண்டு. இரண்டையும் முறையாகச் செய்தால் சாய்கோட்டால் ஒரு கேடும் வராது.

சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைகார்டு எண்ணுக்கு 12 இலக்கங்கள்; முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அதில் பிப்ரவரி 30 வந்தால் 'செக்டேட்' கொண்டு தாராளமாக மறுக்கலாம். மின்னஞ்சலுக்கு 'ஃபில்டர்_வார்' இருக்கிறது. உலாவியில் நடக்கும் சோதனையை யாரும் தாண்டிவிடலாம் என்பதால், இவற்றைச் சர்வரிலும் செய்தே ஆக வேண்டும். பெயருக்கு மட்டும் இரண்டு கேள்விகள் போதும்: காலியாக இருக்கிறதா, அளவுக்கு மீறி நீளமா?

கழக விழாவுக்கோ இறுதியாண்டுத் திட்டத்துக்கோ பாரம் எழுதும் நண்பர்களே, வெளியிடும் முன் உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டிலுள்ள எல்லாப் பெயர்களையும் அதில் ஒருமுறை இட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வெளியே நின்றாலும், திருத்த வேண்டியது உங்கள் விதியை.