கரையில் ஒரு வீடு

காவிரிக் கரையில் ஒரு கிராமம், திண்ணை வைத்த ஓட்டு வீடு, கொல்லைக் கோடியில் படித்துறை. ஓய்வுபெற்றதும் நம் எழுத்தாளர்கள் வாங்கத் துடிப்பது இதைத்தான். எழுத அமைதி வேண்டுமாம்.

எந்த அமைதி? 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஆறு மதகுக்குக் கட்டுப்பட்டது. வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறார்கள். மீதி மாதங்களில் படித்துறைக்குக் கீழே பெரும்பாலும் மணல்தான். தெருவின் அமைதியோ பிள்ளைகள் பட்டணம் போனதால் வந்தது. சேரியைத் தெருவுக்குள் விடாமல் காத்த அமைதியும் அதில் உண்டு. 1968இல் 44 தலித்துகள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியும் இதே டெல்டாவில்தான் இருக்கிறது.

வாங்குங்கள். பத்திரத்தில் எழுதாத இவையும் கிரயத்தில் சேர்ந்தவை. இவற்றை விட்டு ஆற்றங்கரைக் காற்றை மட்டும் எழுதுகிறவர் செய்வது வீட்டுத் தரகர் வேலை.