காடியைத் தாழ்த்தும் தம்பிமார்களுக்கு: முதல்ல அப்சார்பரைத் திறந்து பாருங்க



கோயில் பக்கத்துல காயில்ஓவர் பத்தி பதிவான்னு சிரிக்காதீங்க. வாகன பூஜைக்கு வர்ற காடிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுறோம். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிஞ்சா, சில காடிகள்ல டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ரெண்டு விரல்கூட நுழையாது. பூஜை முடிஞ்சு கேட் பக்கத்துல இருக்கிற பம்ப் ஏறும்போது பின்னால உட்கார்ந்திருக்கிற பாட்டியோட தலை கூரையில இடிக்குது. ஓட்டுற தம்பிக்கு அது ஸ்டைல். பாட்டிக்கு முதுகு வலி.

எங்கள் தொண்டர் குழுவில் பட்டறையில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாடிஃபை செய்வதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆசைப்பட்டு உழைத்த காசில் செய்கிறீர்கள், செய்யுங்கள். ஆனால் காசு போகிற இடம்தான் தவறு என்பது எங்கள் கருத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலிவான புது செட் வாங்கி மாட்டுவதைவிட, ஒரே ஒரு நல்ல செட் வாங்கி, அதைக் காலாகாலத்தில் பிரித்து ஓவர்ஹால் செய்து ஓட்டுவது மேல். காசுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

ஏன் என்று சொல்கிறோம்.

காடியின் எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். அந்த ஸ்ப்ரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது அப்சார்பர். உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகும். பிஸ்டனில் சின்னச் சின்ன வழிகள், அவற்றை மூடியபடி ஷிம் என்கிற மெல்லிய இரும்புத் தகடுகள். எண்ணெய் அந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டு போகும்போது குதிக்கும் வேகம் சூடாக மாறி அடங்குகிறது. எண்ணெய் நுரைத்துவிடாமல் இருக்க நைட்ரஜன் அழுத்தம். பிரெஞ்சுக்காரர் டி கார்போன் கண்ட இந்த மோனோட்யூப் முறையை பில்ஸ்டைன் நிறுவனம் 1957-லேயே மெர்சிடிஸ் காடிகளில் போட்டுவிட்டது. புதுசு ஒன்றும் இல்லை.

இப்போ பாருங்க. எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாத்துறோம். அப்சார்பருக்குள்ளேயும் எண்ணெய்தான் இருக்கு. அது சூடாகுது, அழுக்காகுது, சீல் தேயுது, கேஸ் மெல்லக் கசியுது. வெளியே பார்த்தா நீலமும் சிவப்புமா பளபளன்னு இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த நிலையில் மழையில் காராக் ஹைவே வளைவில் பிரேக் பிடித்தால், டயர் சாலையைப் பிடிக்காமல் துள்ளும். துள்ளுகிற டயரால் காடியை நிறுத்த முடியாது. இதுதான் எங்கள் கவலை.

பட்டறைப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் மூன்று தவறான கணக்குகள் இருக்கின்றன.

ஒன்று, “ஸ்ப்ரிங்கை வெட்டினா போதும்.” சுருள் குறைந்தால் ஸ்ப்ரிங் விறைப்பாகும், உயரமும் குறையும். ஆனால் அப்சார்பர் பழைய உயரத்துக்கு அமைத்தது. பாதிக்கு மேல் அமுங்கியே நிற்கும், சின்ன பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். சக்கரம் தொங்கும் நேரத்தில் வெட்டின ஸ்ப்ரிங் இடம் விட்டு நழுவவும் கூடும்.

ரெண்டு, “காலரை இறுக்கினா ஸ்ப்ரிங் ஹார்ட் ஆகும்.” சாதாரண நேர் ஸ்ப்ரிங்கில் அப்படி ஆகாது. 6 கிலோ ஸ்ப்ரிங் என்றால், ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் 6 கிலோ எடை வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் அது 6 தான். மாறுவது உயரமும் அப்சார்பருக்கு மிஞ்சும் ஓட்டமும்தான். அதனால்தான் நம்ம ஊரில் பாடி ஷிஃப்ட் என்று சொல்லும் வகை நல்லது. அதில் கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரத்தை மாற்றலாம், உள்ளே பிஸ்டனின் ஓட்டம் குறையாது.

மூன்று, “எல்லா க்ளிக்கையும் ஹார்டுக்குத் திருப்பு, ரேஸ் காடி மாதிரி ஓடும்.” ஓடாது. ரீபவுண்ட் அளவுக்கு மீறி இறுகினால், அமுங்கின ஸ்ப்ரிங் திரும்பி எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். காடி மெல்ல மெல்ல அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். ஸ்ப்ரிங்கை 4 கிலோவிலிருந்து 8 கிலோவுக்கு மாற்றினாலும், அடக்கும் சக்தி ரெண்டு மடங்கு வேண்டியதில்லை. கணக்குப்படி சுமார் 1.4 மடங்கு போதும். இந்தக் கணக்கு சரியாக வர ஷிம் அடுக்கை மாற்ற வேண்டும். தடித்த எண்ணெய் ஊற்றுவது குறுக்கு வழி. சூடானதும் எண்ணெய் இளகிவிடும், பழைய கதைதான்.

அப்போ நல்ல ஓவர்ஹால் என்றால் என்ன? கேஸை முறையாக இறக்கிவிட்டுப் பிரிக்க வேண்டும். பழைய எண்ணெயை வடித்து, ராடில் சொரசொரப்போ துருப் புள்ளியோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆயில் சீல், ஓ-ரிங், புஷ் எல்லாம் புதுசு. உங்கள் ஸ்ப்ரிங்குக்கும் காடி எடைக்கும் ஏற்ற ஷிம். புது எண்ணெய், காற்றுக்குமிழி போகும்வரை ப்ளீட், பிறகு நைட்ரஜன். கடைசியாக ஷாக் டைனோவில் ஏற்றி இடமும் வலமும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். மாட்டின பிறகு அலைன்மெண்ட் கட்டாயம்.

சில இடங்களில் குழாயில் துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து “சர்வீஸ்” என்று கொடுப்பார்கள். அதற்குக் காசு கொடுக்காதீங்க. அதேபோல தம்பிமார்களே, வீட்டு வாசலில் யூடியூப் பார்த்துக்கொண்டு இதைப் பிரிக்காதீங்க. அமுங்கின ஸ்ப்ரிங்கும் அழுத்தத்தில் இருக்கிற கேஸும் விளையாட்டுப் பொருள் இல்லை.

எல்லாவற்றையும் ஓவர்ஹால் செய்யலாம் என்றும் சொல்லவில்லை. கம்பெனியோடு வரும் சாதாரண அப்சார்பர் சீல் வைத்தது. தேய்ந்தால் புதுசு மாற்றுவதே சரி. டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் போன்றவையும் மூடிய அமைப்புதான், தனி அப்சார்பராக மாற்றிக்கொள்ளலாம். ராடு துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தாலும், உதிரி பாகம் கிடைக்காத செட்டாக இருந்தாலும் வீண் செலவு. ஆகவே வாங்கும்போதே “இதைப் பிரிக்க முடியுமா, சீல் கிட் கிடைக்குமா?” என்று போமனிடம் கேளுங்க. இந்த ஒரு கேள்வி பல வெள்ளியை மிச்சப்படுத்தும். ஜேபிஜே விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் காடியை மாடிஃபை செய்கிறான் என்று திட்டிக்கொண்டே இருந்தால் அவன் உங்களுக்குத் தெரியாமல் மலிவான இடத்தில் செய்வான். உட்கார்ந்து பேசுங்க. ஷிம் அடுக்கும் டைனோ வரைபடமும் புரிகிற பையன் சாதாரண பையன் இல்லை, கைத்தொழில் உள்ளவன். அந்த ஆர்வத்தை ஒரு முறையான தொழிலாக மாற்றிக்கொடுக்க நம்மால் முடியும்.

தைப்பூசத்துக்குப் பினாங்குக்கும் பத்துமலைக்கும் குடும்பத்தோடு கிளம்புவீங்க. அதற்கு முன் ஒரு தடவை குனிந்து பாருங்க. அப்சார்பர் ராடில் எண்ணெய் ஈரம் இருக்கா? டயர் மேடும் பள்ளமுமா தேய்ஞ்சிருக்கா? மூலையை அழுத்தி விட்டா காடி ரெண்டு மூணு தடவை ஆடுதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால், புது ரிம் அடுத்த மாசம் வாங்கலாம். முதலில் அப்சார்பர்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, பேசுவோம். பத்திரமா போய், பத்திரமா வாங்க.