பட்டியலில் உள்ளவர் யார்?

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பெயரோடு சென்ற தை மாதத்தில் நான் செய்த ஒரு காரியத்தால், நம் சங்கத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் இரண்டு இரவுகளை இழந்தார். முதலில் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு என் கட்சியைச் சொல்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் வேலை வாடகைக் கம்ப்யூட்டர்களில் நடக்கிறது. கிளவுட் என்கிறார்களே, அதுதான். யந்திரம் எங்கோ இருக்கிறது. அதன் வாசலில் ஃபயர்வால் என்னும் காவற்காரன் நிற்கிறான். எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருபவர்களை உள்ளே விடலாம் என்ற பட்டியல் அவன் கையில் உண்டு. எங்கள் பட்டியலில் 14 முகவரிகள் இருந்தன. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் தில்லி திரும்பிய எனக்கு விடுதியில் புதிய இணைப்பு, புதிய முகவரி. அதைச் சேர்க்க வேண்டி, ஏ.பி.ஐ. வழியாக, அதாவது நிரல் எழுதி நேரே கிளவுடுக்கே ஆணையிடும் முறையில், 'அப்டேட்' என்னும் கட்டளையை அனுப்பினேன். வெற்றி என்று பதில் வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

புதுப்பிப்பது என்றால் இருக்கும் வீட்டில் ஓர் அறை கூட்டுவது என்றல்லவா நாம் எண்ணுவோம்? அந்தக் கட்டளையோ பழைய வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு, நான் கொடுத்த ஒற்றைச் செங்கல்லை அங்கே நட்டு வைத்துவிட்டது. பதினான்கும் போயின. என் முகவரி ஒன்றே மிஞ்சிற்று.

அக்கா அப்போது தங்கையின் திருமணத்துக்காகத் திருநெல்வேலியில் இருந்தார். ஊர் வீட்டு முகவரியை முன்கூட்டியே பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆராய்ச்சி நூலின் ஓர் அத்தியாயத்தை அந்த வாரமே அனுப்பியாக வேண்டும். எங்கள் காவற்காரன் "போ" என்றுகூடச் சொல்வதில்லை. கதவைத் தட்டிய சத்தமே கேளாதவன்போல் இருந்துவிடுவான். ஆகவே தம் வீட்டு இணைப்பில்தான் கோளாறு என்று நம்பி, கல்யாண வீட்டுச் சந்தடியில் இரண்டு இரவு விழித்திருக்கிறார். மூன்றாம் நாள் தொலைபேசியில், "ஏல தம்பி, பட்டியல்ல இருந்து என்னைய வெட்டிட்டியோ?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தியாயம் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று.

"இந்த வம்பே வேண்டாம், 0.0.0.0/0 என்று எழுதிக் கதவைத் திறந்து போட்டுவிடுவோம்" என்றார் கூடத்து அண்ணன் ஒருவர். ஏறக்குறைய 430 கோடி முகவரிகளுக்கும் வரவேற்பு என்பது அதன் பொருள். ஊர் ஊராகக் கடவுச்சொல்லை ஊகித்துக் கதவைத் தட்டிக்கொண்டே திரியும் தானியங்கி நிரல்களும் அதில் சேர்த்திதான். உள்ளே நுழைந்த ஒருவன் நம் ஆராய்ச்சி மானியத்தில் தன் கணக்கைப் போட்டுக்கொள்வான். வாடகை ரசீது மட்டும் நமக்கு வரும். இதை நான் எப்படி ஒப்புவேன்?

என் கட்சி வேறு. முகவரிகளை ஒரு குழுவாக்கி, அதற்கொரு பெயரிட்டு, ஒரே இடத்தில் வைத்துப் பேணவேண்டும். வாசல்தோறும் தனித்தனியே எழுதி வைப்பது வீண் சிரமம். குழுவைத் தொடுவதற்கு 'சேர்', 'நீக்கு' என்ற கட்டளைகளையே கையாளவேண்டும். 'மாற்றிவை' என்பதைத் தொடவே கூடாது. ஓப்பன்ஸ்டாக் என்னும் கட்டற்ற மென்பொருளில் முகவரிக் குழுக்களுக்கு இவ்விரு கட்டளைகளும் தனித்தனியே உண்டு. அமேசான் 2020-இல் பயனர்களுக்கு அளித்த முகவரிப் பட்டியல் வசதியில் இன்னொரு நயமும் இருக்கிறது. திருத்தந்தோறும் பட்டியலுக்குப் புதிய பதிப்பு எண் ஏறும். எந்தப் பதிப்பைப் பார்த்துத் திருத்துகிறோம் என்பதைக் கட்டளையிலேயே குறிப்பிடலாம். இதற்கிடையே வேறொருவர் கைவைத்திருந்தால் கட்டளை மறுக்கப்படும். தவறு நேர்ந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியுண்டு. ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத இடமும் இருக்கிறது. அந்த இடத்தை எத்தனை பேர் நிரப்புகிறோம்? அதுவல்லவா முக்கியம்!

முகவரி ஓர் ஆள் அன்று என்பதையும் மறக்கலாகாது. கைப்பேசி இணைப்பில் பல சந்தாதாரர்கள் வெளியுலகுக்கு ஒரே முகவரியோடு தோன்றுவது நம் நாட்டில் சர்வ சாதாரணம். உங்கள் ஒருவருக்காக அதைச் சேர்த்தால், முகம் தெரியாத ஒரு கூட்டமே கூடவே வாசலைத் தாண்டிவிடும். ஆகவே பட்டியல் இருக்கிறதென்று உள்ளே பூட்டில்லாமல் இருந்துவிடக் கூடாது.

நல்லவேளையாக, பழைய பட்டியலின் படம் ஒன்று அதே அண்ணனின் கைப்பேசியில் கிடைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, பக்கத்தில் இன்னார், இன்ன மாதம் வரை என்று எழுத உட்கார்ந்தோம். ஒன்பதுக்கு ஆள் தெரிந்தது. மற்ற ஐந்தும் யாருடையவை? எப்போதோ படிப்பு முடித்துப் போனவர்களா, போன பிறகும் வருகிறவர்களா? ஒருவருக்கும் விளங்கவில்லை. நீக்கிவிட வேண்டும் என்கிறேன் நான். "இன்னொரு அக்கா கல்யாண வீட்டிலே உட்கார்ந்திருந்தா என்ன செய்வே?" என்கிறார் அக்கா.