கலப்பு நினைவகம் ஆகுமா?

பழைய மாணவர் கல்லூரிக்கு அன்புடன் வழங்கும் பொருள்களுட் கணினி உறுப்புகள் இன்று சிறப்பிடம் பெறுகின்றன. ஒருவர் ஒரு கம்பனியின் நினைவகப் பலகையை அனுப்புகின்றார். மற்றொருவர் வேறொரு கம்பனியினதை அனுப்புகின்றார். மாணவர் 'றாம்' என வழங்கும் இப்பலகைகள் வெவ்வேறு பெயர் தாங்கியிருப்பின் ஒரே கணினியிற் பூட்டலாகாது, பூட்டின் கணினி பழுதாகும் என்றொரு கொள்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதனால் நல்ல பலகைகள் அலுமாரியில் உறங்க, 4 கிகாபைற்று நினைவகத்தோடு கணினிகள் மூச்சுத் திணறுகின்றன. இக்கொள்கை பிழை என்பது நம் துணிபு.

காரணம் கூறுவாம். பலகையின் மேல் ஒட்டிய பெயர் வேறு. உள்ளிருக்கும் சில்லைச் செய்தவர் வேறு. உலகில் வழங்கும் இவ்வகைச் சில்லுகளிற் பெரும்பாலானவற்றைச் செய்வோர் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்னும் மூவரே. கிங்ஸ்டன் முதலியோர் அவற்றை வாங்கிப் பலகையிற் பொருத்தித் தம் பெயரிட்டு விற்பவர். ஆகலின் பெயர் இரண்டாயினும் சில்லு ஒன்றாயிருத்தல் கூடும். ஒரே பெயருடைய பலகைகளையே வெவ்வேறு காலத்தில் வாங்கின், சில்லு வேறுபடுதலுங் கூடும். பெயரை நோக்கி விலக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

மேலும், இவர் யாவரும் ஜெடெக் என்னும் தரநிர்ணயக் கழகம் வகுத்த அளவுகளைத் தழுவியே செய்கின்றனர். பலகை ஒவ்வொன்றிலும் அதன் கொள்ளளவு, வேகம், தாமத அளவு ஆகியவற்றைப் பொறித்த சிறு சில்லொன்று உண்டு. கணினியை இயக்கியதும் தாய்ப்பலகை அதனைப் படித்து, எல்லாவற்றுக்கும் ஒத்த வேகத்தைத் தெரிகின்றது. 3200 எனக் குறித்த பலகையோடு 2400 எனக் குறித்ததைச் சேர்ப்பின் இரண்டும் 2400 அளவிலேயே இயங்கும். இழப்புச் சிறிது, நினைவகம் இரட்டிப்பதால் வரும் ஊதியம் பெரிது. தமிழாசிரியர் பாங்கிற் கூறின், வெண்பாவில் எவ்வூர்ச் சொல் வந்தது என்று எவரும் கேளார். தளை தட்டாமையே வேண்டப்படுவது.

எனினும் எதனையும் எதனோடும் கூட்டலாம் என்பது நம் கருத்தன்று. தலைமுறை ஒன்றாதல் வேண்டும். டி.டி.ஆர். 3 பலகைக்கு 240 தொடுமுனைகள், 1.5 வோல்ற்று, டி.டி.ஆர். 4 பலகைக்கு 288 தொடுமுனைகள், 1.2 வோல்ற்று. ஓரத்து வெட்டு வேறிடத்தில் இருத்தலால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகாது. வலிந்து அழுத்தும் மாணவர் இதனை உளங்கொள்க. சேவையகங்களிற் கழற்றிய பலகைகளோ பார்வைக்கு ஒத்திருப்பினும் சாதாரண கணினிகளில் இயங்கா. அவற்றை அனுப்புவோரின் தபாற்செலவு வீணே.

இனி, எல்லாம் ஒத்திருந்தும் சில பலகைகள் இணங்காமற் போதலும் உண்டு. அத்தகைய கணினி திடீரென நின்றுவிடும். அன்றி, மாணவன் பல நாள் உழைத்துச் செய்த செயற்றிட்டத்தைச் சத்தமின்றிச் சிதைத்தும் விடும். பின்னையது கொடிது. ஆகவே பூட்டிய பலகைகளை 'மெம்டெஸ்ற் 86' என்னும் சோதனைக்கு ஓர் இரவு முழுதும் உட்படுத்துதல் வேண்டும். ஒரு பிழை காணினும் அச்சேர்க்கையைப் பிரித்துவிடுக.

புதிதாகக் காசு கொடுத்து வாங்கி உதவ விரும்பும் அன்பர்கள், கூட்டிச் சோதித்து ஒரே பொதியில் விற்கும் இரட்டைப் பலகைகளையே வாங்குதல் நன்று. வாங்குமுன் கல்லூரிக் கணினிகளின் தலைமுறையைக் கேட்டறிக. அலுமாரியிற் கிடப்பவற்றைத் தவணை விடுமுறையிற் சோதித்து முடிக்க உயர்வகுப்பு மாணவர் நால்வர் போதும்.