உப்புக்காத்தில் ஒரு ஜெர்மன் கார்

நாலைந்து வருஷமாக எங்க ராமநாதபுரம் பக்கம், கண்மாய்க்கரை ரோட்டில்கூட ஜெர்மன் கார்கள் கண்ணில் படுகின்றன. எல்லாம் செகண்ட்ஸ். சில வண்டி மூணாவது கை, நாலாவது கை. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள், ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து மிளகாய் போடுறவன் மகனும், கரிமூட்டம் போடுறவன் மகனும் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

சென்னையில் இருக்கிற நண்பர்கள் இதைக் கேட்டதும் சிரிக்கிறார்கள். "பட்டிக்காட்டுல பிஎம்டபிள்யூ எதுக்குண்ணே?" என்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு நல்ல மெஷின் மேல ஆசை இருக்கக்கூடாதா? மதுரை–பரமக்குடி நாலு வழிச்சாலையில் அந்த வண்டி ரோட்டைக் கவ்விக்கிட்டுப் போறதை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும், ஆசை நியாயமானதுதான் என்று. எனக்கு ஆசை மேல புகார் இல்லை. கணக்கு மேலதான் புகார்.

கணக்கு இதுதான். புதுசில் 30 லட்சத்துக்கு மேல கொடுத்து வாங்கிய கார் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் 8, 9 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. நம்ம பையன் நினைக்கிறான், "புது மாருதி விலையில ஜெர்மன் கார் கிடைக்குதே". கார் விலைதான் இறங்கியிருக்கு தம்பி, அதோட சாமான் விலை இறங்கவில்லை. பிரேக் டிஸ்க்குக்கும் கண்டன்சருக்கும் உன் கார் 9 லட்சத்து வண்டி என்று தெரியாது. அதுக்கு நீ இன்னும் 30 லட்சத்து வண்டிக்காரன்தான். யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி யார் போடுவது?

என் அண்ணன் மகன் கத்தாரில் இருக்கிறான். அவன் வாங்கிய ஒரு ஜெர்மன் டீசல் கார் என் வீட்டில்தான் நிற்கிறது. வருஷத்தில் பத்து மாசம் அதுக்குக் காவல் நான். என்ன கம்பெனி என்று எழுதப் போவதில்லை. குறை கம்பெனி மேல இல்லை, எங்க காத்து மேலயும் தண்ணி மேலயும்தான். வாங்கியது 9 லட்சம். முதல் வருஷச் செலவை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முன் டயர் ரெண்டு 34,000. ஆயில், ஃபில்டர் சர்வீஸ் 22,000. கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற 38,000. ஏசி கண்டன்சர் 28,000. பேட்டரி 24,000. ஆகமொத்தம் 1,46,000. இன்சூரன்ஸும் டீசலும் இதில் சேரவில்லை. அந்த வருஷம் ஒன்றரை ஏக்கர் குண்டு மிளகாயில் செலவு போக எனக்குக் கையில் நின்ற காசு இவ்வளவு இல்லை.

சென்னைக்காரர்களும் கிட்டத்தட்ட இதே செலவுதான் செய்வார்கள் என்று நினைக்கலாம். இல்லை. எங்க பக்கத்தில் கூடுதலாகச் சில எதிரிகள் உண்டு.

முதல் எதிரி உப்புக்காத்து. பாம்பன் கடல் உலகத்திலேயே இரும்பை அதிகம் தின்கிற இடங்களில் ஒன்று. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல பெயிண்ட் அடித்துப் பெயிண்ட் அடித்தே காப்பாற்றினார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் அதன்மேல ரயில் விடுவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, விசேஷ பூச்சு என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதான் நாம சிக்ரி என்கிறோமே, அவர்கள் துருவைப் படிக்கிறதுக்கு என்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானிகள் துருப் பார்க்கத் தேடி வந்த ஊரில் நாம காரை வேப்பமரத்தடியில் விட்டுட்டு நிம்மதியாத் தூங்குகிறோம்.

ஜெர்மன் காரில் எடை குறைய வேண்டும் என்று பல இடத்தில் அலுமினியம் போட்டிருப்பார்கள். அதை முடுக்கியிருப்பது இரும்பு போல்ட். ரெண்டு வேற வேற உலோகம் ஒட்டி நின்று நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும், ஒரு உலோகம் கரையும். அப்புறம் சஸ்பென்ஷன் வேலைக்குப் போனால் போல்ட் திரும்பாது, அறுத்துத்தான் எடுக்கணும். சாமான் விலையோடு கூலியும் ஏறும். ஏசி கண்டன்சர் வண்டியின் மூக்கிலேயே உட்கார்ந்திருப்பதால் முதல் அடி அதுக்குத்தான்.

2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு தனுஷ்கோடிக்குக் காரில் போகாத ஆளில்லை. போங்க, போக வேண்டிய இடம்தான். ஆனா ரெண்டு பக்கமும் கடல், ரோட்டில் மணல், காற்றில் உப்பு. வந்த அன்றைக்கே வண்டிக்கு அடிப்பக்கம் நல்ல தண்ணி பீய்ச்சிக் கழுவணும். மேல கழுவிப் பளபளப்பாக்குறது பிறகு.

"நல்ல தண்ணி" என்று சொன்னது வேணும்னேதான். ரெண்டாவது எதிரி எங்க போர்த் தண்ணி. இங்க பாதி ஊரில் நிலத்தடித் தண்ணி உப்பு. அதை வைத்துக் கார் கழுவினால் உப்பாலேயே உப்பைத் துடைக்கிற கதை. அதைவிட மோசம், கூலன்ட் குறைந்தது என்று அந்தத் தண்ணியை ஊற்றுவது. பழைய டிராக்டர் ரேடியேட்டர் அதைக் கொஞ்ச காலம் தாங்கும். இந்தக் கார்களில் கூலன்ட் போகிற வழியில் பிளாஸ்டிக் பாகங்கள் நிறைய. பத்து வருஷச் சூட்டில் அவை ஏற்கெனவே நொறுங்கும் பதத்தில் இருக்கும். உப்புத் தண்ணியும் சேர்ந்தால் நடுரோட்டில் ஆவி பறக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட், டிஸ்டில்ட் வாட்டர். வேற எதுவும் கூடாது.

மூணாவது எதிரி சீமைக்கருவேல முள். இந்தக் கார்களில் பலதுக்கு ரன்-ஃப்ளாட் டயர். காத்து போனாலும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓடும், அதனால் ஸ்டெப்னியே தரமாட்டார்கள். ஜெர்மனியில் அது வசதி. எங்க ஊரில் பஞ்சர் கடைக்காரர் டயரைப் பார்த்து, "இதை நான் தொடலண்ணே, கிழிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மேலே எழுதிய 34,000 அந்த முள்ளின் வேலை.

அடுத்து உயரம். வண்டி வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. வாய்க்கால் குறுக்கே வெட்டின ரோட்டில் தட்டும். அப்புறம் எலி. வைக்கோல்போருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் எலி பானெட்டுக்குள் குடித்தனம் வந்து ஒயரைக் கடிக்கும். வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்க்கிறேன்.

முக்கியமாக இன்னொன்று. வண்டி நின்றுபோனால் நம்ம ஊரில் உடனே டிராக்டரில் கயிறு கட்டி இழுப்போம். ஆட்டோமேட்டிக் காரை அப்படி இழுக்கவே கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓடாது. சக்கரம் சுத்தச் சுத்த உள்ளே தேயும். மதுரையிலிருந்து தட்டு வண்டி வரவழைத்துத்தான் ஏற்றணும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

இனி மெஷின் விஷயம். பிஎம்டபிள்யூ 2007-லிருந்து பல வருஷம் போட்ட என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, பின்னால் இருக்கும். அந்தச் செயின் தேய்ந்து அறுந்த புகார் பல நாட்டிலும் வந்தது. மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும். அதனால் அந்தக் கால வண்டி பார்க்கப் போனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் சரசரவென்று சத்தம் வந்தால், விலை எவ்வளவு குறைவென்றாலும் திரும்பி வந்துவிடுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி இருந்தால் கவனம். அதன் கோளாறுக்காக 2013-ல் சீனாவில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். எட்டு கியர் இசட்எஃப் பெட்டி நல்ல பெட்டி. "ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்டி செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், மாற்றச் சொல்கிறது. பேட்டரிகூட சும்மா கழற்றி மாட்ட முடியாது. பல வண்டியில் புது பேட்டரி போட்டதை வண்டிக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் என்றால் டீக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் ஓட்டாதீர்கள். புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அப்பப்போ நீண்ட ஓட்டம் வேண்டும்.

இன்னொரு சங்கதி, டில்லி வண்டி. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி டில்லியில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதிலிருந்து அங்கத்து டீசல் கார்கள் தெற்கே இறங்க ஆரம்பித்தன. விலை மலிவாக இருக்கும். ஆனால் என்ஓசி வேணும், பன்னிரண்டு மாசத்துக்கு மேல இங்க வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு வேணும், இங்க ஆயுள் வரி கட்டணும். பதினைந்து வருஷமானால் ஆர்சி புதுப்பிக்கணும். எந்த ஊர் வண்டி வாங்கினாலும் இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்க பேருக்கு மாற்ற மனு கொடுங்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கே போச்சு என்று தேடணும்.

நாங்க மாடு வாங்கினால் பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்போம், பால் மாடென்றால் ரெண்டு வேளை கறந்து பார்ப்போம். செகண்ட்ஸ் டிராக்டர் என்றால் தெரிந்த மெக்கானிக் இல்லாமல் போகமாட்டோம். அதே ஆள் ஜெர்மன் கார் என்றால் சன்ரூஃபைத் திறந்து மூடிப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுக்கிறான். கார் மேல இருக்கிற பிரமிப்பு கண்ணை மறைக்கிறது. 9 லட்சத்து வண்டி வாங்குமுன் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்குக் கொஞ்சம் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

என் முடிவு இது. பணத்தை மூணு பங்காக்கு. ரெண்டு பங்குக்கு வண்டி வாங்கு, ஒரு பங்கை விதைநெல் மாதிரி தனியே கட்டி வை. கையில் 9 லட்சம் இருந்தால் 6 லட்சத்து வண்டிதான் உன் வண்டி. அந்த மூணாவது பங்குக்கு நகையை அடகு வைக்கணும் என்றால், அந்தக் கார் உனக்கு இப்போது வேண்டாம். பசங்க கார் வாங்கிக் கெட்டதை எங்க பக்கம் நான் பார்க்கவில்லை. முதல் பெரிய ரிப்பேருக்கு வட்டிக்கு வாங்கி, அந்த வட்டிக்கு நிலத்தை வைத்துக் கெடுவதைத்தான் பார்க்கிறேன். வண்டி ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும், வட்டி மட்டும் ஓடிக்கிட்டிருக்கும்.

இதைப் படிக்கிற நகரத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஐந்து வருஷம், ஏழு வருஷம் ஓட்டிவிட்டு, பெரிய செலவு வரப்போகிறது என்று தெரிந்து விற்கிற கார்தான் கை மாறிக் கை மாறி எங்க ஊருக்கு வருகிறது. விற்கும்போது ஆர்சியோடு சர்வீஸ் ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். மீட்டரைத் திருத்துகிற புரோக்கரிடம் தள்ளிவிடாதீர்கள். என்ன மாற்றினீர்கள், என்ன மாற்றாமல் விட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விலையில் உங்களுக்குக் கொஞ்சம் குறையலாம். வாங்குகிற பையன் எங்கே பணம் எடுத்து வைக்கணும் என்று முதல் நாளே தெரிந்துகொள்வான்.