எளிமை யாருக்காக?

கைபேசிக்குள் பங்குச் சந்தையே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆதாரும் பான் எண்ணும் பாங்குக் கணக்கும் இருந்தால் போதும். ஆலை வாசலில் டீ ஆறுவதற்குள் முதலீட்டுக் கணக்கு திறந்துவிடலாம். சாமானிய மக்களுக்காகவே இவ்வளவு எளிமையாகச் செயலியை அமைத்திருக்கிறோம் என்று கம்பெனிகள் மார்தட்டுகின்றன.

எளிமை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆங்கிலப் படிவங்களை நீட்டி, தொழிலாளியைத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்த காலம் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் எது எளிமையாக்கப்பட்டிருக்கிறது, எது மூடி மறைக்கப்பட்டிருக்கிறது?

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர், 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! இது பங்கை வாங்கிப் பெட்டியில் வைக்கும் வியாபாரமல்ல. நாளை விலை ஏறுமா, இறங்குமா என்று பணம் கட்டுவது. பம்பாய்ப் பஞ்சு வியாபாரிகள் பஞ்சு விலையை வைத்து ஆடிய பழைய ஆட்டம்தான்.

ஏமாந்தவர்கள் யார்? 2023-24ல் இதில் இருந்த தனிநபர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர், ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்று காட்டியவர்கள். 100க்கு 43 பேர் 30 வயது நிறையாத வாலிபர்கள். அதே ஆண்டில், கட்டணங்களைக் கழிக்கும் முன், சொந்தக் கணக்கில் ஆடும் பெரும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் அடித்தன. இந்த லாபத்தின் மிகப் பெரும்பகுதி, கம்ப்யூட்டர் தானே கணக்கிட்டு வாங்கி விற்றதில் வந்தது. கண் இமைக்கும் முன் வேலையை முடிக்கும் இயந்திரத்துக்கு எதிரே, இரவு ஷிப்டு முடிந்து பஸ்ஸில் தூங்கி வழியும் வாலிபனை உட்கார வைத்து, இருவரும் சமம் என்கிறார்கள்!

ஜெயித்தாலும் தோற்றாலும் புரோக்கருக்குக் கட்டணம் உண்டு. அந்த மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் இந்த வியாபாரத்துக்காகக் கொடுத்த செலவு மட்டும் சுமார் 50,000 கோடி. அதில் பாதி புரோக்கர் கட்டணம். வாங்கியதை ஐந்து வருஷம் தொடாமல் வைத்திருப்பவனால் செயலிக்காரனுக்குக் கிடைப்பது சொற்பம். தினம் பத்துத் தடவை வாங்கி விற்பவனே அவனுக்குக் காமதேனு. செயலியின் திரையும் அதற்கேற்பவே அமைகிறது. அமெரிக்காவில் ராபின்ஹுட் என்ற செயலி, முதல் முறை பங்கு வாங்குகிறவனுக்குத் திரையில் வண்ணக் காகிதம் தூவியது. கல்யாண வீடு போல! முதலீட்டை விளையாட்டாக்குகிறார்கள் என்று மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள் 2020 டிசம்பரில் நடவடிக்கை தொடுத்தார்கள். 2021ல் கம்பெனி அந்தத் தூவலைக் கைவிட்டது.

உழைப்பாளிக்கான செயலி என்றால் அது வேறு விதமாக இருக்க வேண்டும். போட்டது எவ்வளவு, கட்டணமாகப் பிடித்தது எவ்வளவு, இன்று எடுத்தால் கைக்கு வருவது எவ்வளவு என்பதை முதல் திரையிலேயே தமிழில், ரூபாய்க் கணக்கில் சொல்ல வேண்டும். பணம் போடுவது எவ்வளவு சுலபமோ, எடுப்பதும் அவ்வளவு சுலபமாக வேண்டும். முன்பேரத்துக்கு அதில் கதவே கூடாது. கந்துவட்டிக் கடன் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்; மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி கட்டுகிறவனிடம், முதலில் அதை அடை என்று சொல்லாத செயலி அவனுக்கு நண்பனல்ல. இன்னொன்று: இந்தச் செயலிகள் மாதச் சம்பளக்காரனை மனதில் வைத்தே தவணைத் தேதி குறிக்கின்றன. நடவும் அறுப்பும் இல்லாத மாதத்தில் விவசாயத் தொழிலாளிக்குக் கூலி ஏது? அந்தத் தேதியில் கணக்கில் பணம் இல்லையென்றால் பாங்கு அபராதம் பிடிக்கிறது. சேமிக்க வந்தவனுக்கு அபராதமா?

சர்க்காரின் யோக்கியதை என்ன? சர்க்கார் கடன் பத்திரங்களை மக்கள் நேரடியாக வாங்க 2021 நவம்பரில் ரிசர்வ் பாங்கு ஒரு திட்டம் தொடங்கியது. 2024 மே மாதம் அதற்குச் செயலியும் வந்தது. கணக்குத் திறக்கக் கட்டணமில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறைந்தது 10,000 ரூபாய் வேண்டும்! 2025 பிப்ரவரியில் ஸ்டேட் பாங்கின் மியூச்சுவல் பண்ட் நிறுவனம் 250 ரூபாய்த் தவணைத் திட்டம் கொண்டு வந்தது. விலை ஏறி இறங்கும் சந்தைக்குள் நுழைய 250. சர்க்கார் உத்தரவாதமுள்ள பத்திரத்துக்கு 10,000.

கென்யா நாட்டில் 2017லேயே எம்-அகிபா என்ற சர்க்கார் பத்திரத்தைச் சாதாரண பட்டன் போனிலேயே, குறைந்தது 3,000 ஷில்லிங்குக்கு விற்றார்கள். அதுவரை சர்க்கார் பத்திரம் வாங்க 50,000 ஷில்லிங் வேண்டியிருந்தது. முதலில் விட்ட 15 கோடி ஷில்லிங் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்தன. அடுத்து 100 கோடிக்கு விட்டபோது கால்வாசியே சேர்ந்தது. மிச்சம் பிடிக்க முடியாத கூலி வாங்குகிறவனை எந்தச் செயலியும் முதலீட்டாளனாக்கிவிடாது. அது கூலிப் போராட்டத்தின் வேலை.

ஆனாலும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த நூறு ரூபாய்க்குப் பத்திரமான இடம் கேட்பது நியாயமான கோரிக்கை. ரிசர்வ் பாங்கு அந்தப் பத்தாயிரத்தை நூறாகக் குறைக்கட்டும். கென்யாவைப் போல் பட்டன் போனிலும் பத்திரம் கிடைக்கச் செய்யட்டும்.